மரக்கால் யார் கையில்?

கிரிப்டோ பக்கம் எட்டிப்பார்க்கும் எந்த இளைஞருக்கும் முதலில் சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு. இங்கே உன் ஊர் எது, அப்பா என்ன வேலை, எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீ என்ன செய்தாய் என்பது மட்டும்தான் கணக்கு. செய்ததெல்லாம் சங்கிலியில் பதிவாகும், யாராலும் அழிக்க முடியாது, பங்களிப்புக்கு ஏற்ற வெகுமதி தானாக உன் வாலட்டுக்கு வந்துசேரும்.

இந்த வாசகத்துக்கு நம் பிள்ளைகள் மயங்குவதை நான் கேலி செய்யத் தயாராக இல்லை. நேர்முகத் தேர்வில் “சொந்த ஊர் எது?” என்ற கேள்விக்குப் பின்னால் “ஊரில் எந்தப் பக்கம்?” என்ற கேள்வி ஒளிந்திருப்பதை அறிந்தவர்கள் நாம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டியெறியத் தீர்மானம் போட்ட மண் இது. வெட்டிய பிறகும் முகவரியில், சான்றிதழில், சாப்பாட்டில், பேச்சில் என்று வேறு வேறு வழியில் அதை மோப்பம் பிடிக்கிறார்கள். அப்படியிருக்க, வெறும் 42 எழுத்துள்ள ஒரு வாலட் முகவரியாக மட்டும் ஓர் அவைக்குள் நுழையலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முதல் தலைமுறையாகப் பொறியியல் படித்துவிட்டு, வளாகத் தேர்வில் கழித்துக்கட்டப்பட்டு, டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளை எனக்குத் தெரியும். அவர்களின் நம்பிக்கை நியாயமானது. நம்பிக்கையை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது என்ன என்பதில்தான் எனக்குச் சண்டை.

நம் ஊர்க் களத்துமேட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில பண்ணைகளில் மரக்கால் இரண்டு இருக்கும். வாரம் வாங்கும்போது ஒன்று, கூலி அளக்கும்போது இன்னொன்று. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அளப்பது எல்லோர் கண் முன்னாலும், வெட்டவெளியில், சத்தமாக எண்ணிக்கொண்டேதான் நடக்கும். ஒளிவுமறைவே கிடையாது. ஆனால் மரக்காலைச் செய்தது யார், எவ்வளவு ஆழத்துக்குக் குடைந்தார் என்று மட்டும் யாரும் கேட்க முடியாது. பிளாக்செயின் பெருமையாகப் பேசும் வெளிப்படைத்தன்மையும் இந்த வகைதான். அளப்பதைப் பார்க்கலாம். அளவை யார் வைத்தார் என்று கேட்டால் வாயில்லை.

எடுத்துக்காட்டுக்குத் தூரம் போக வேண்டாம். எழுதுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பணம் தருவோம் என்று வந்த முதல் பெரிய சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீம். 2016 மார்ச்சில் நெட் ஸ்காட், டேன் லாரிமர் என்ற இருவரின் ஸ்டீமிட் நிறுவனம் தொடங்கியது. அதன் கொள்கை அறிக்கையைப் படித்தால் நம் இயக்கத் துண்டறிக்கை போலவே இருக்கும். வியர்வையும் மூலதனம்தான், நேரத்தையும் கவனத்தையும் கொடுப்பவர் பணத்தைக் கொடுப்பவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவரல்லர் என்ற கருத்து அதில் அடித்தளமாகவே வைக்கப்பட்டிருந்தது. பேஸ்புக்கும் டுவிட்டரும் நம் எழுத்தை விற்றுத் தாங்கள் மட்டும் கொழுக்கிறார்கள், இங்கே எழுதியவருக்கே பங்கு என்றார்கள். 2016 ஜூலை 4 அன்று முதல் வெகுமதிகள் வெளியாயின. சில பதிவுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர். உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, யாருக்கு எவ்வளவு என்று யார் தீர்மானித்தார்கள்? வாசகர்கள் வாக்களித்தார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு அல்ல. எவரிடம் எவ்வளவு ஸ்டீம் முடக்கிவைக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு எடை. அதோடும் நிற்கவில்லை. தொடக்கத்தில் ஒரு பதிவுக்கு விழுந்த மொத்த எடையின் வர்க்கத்தை வைத்தே வெகுமதி கணக்கிடப்பட்டது. அதாவது உங்கள் பதிவைவிடப் பத்து மடங்கு எடை வாங்கிய பதிவுக்குப் பத்து மடங்கு பணம் இல்லை, நூறு மடங்கு. பெரிய கை ஒன்று உங்கள் மேல் பட்டால் நீங்கள் எழுத்தாளர். நூறு ஏழைகள் விழுந்து விழுந்து வாசித்துக் கை தட்டினால் டீக்காசு தேறாது. 2017 ஜூன் வரை இப்படித்தான் ஓடியது.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயம் இன்னும் விசேஷமானது. வாளிக்குள் கிடக்கும் நண்டுகள் கதை. ஒரு நண்டு மேலே ஏறினால் மற்றவை காலைப் பிடித்து இழுத்துவிடுமாம். மற்றவர்களின் பொறாமை நல்ல பங்களிப்பைக் கீழே இழுத்துவிடாமல் இருக்கத்தான் இந்த வர்க்கக் கணக்காம். தோழர்களே, இந்த நண்டுக் கதையை நாம் எத்தனை மேடையில், எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறோம்! மூடி போட்ட வாளிக்குள் நண்டுகளை அள்ளிப் போட்டவன் யார் என்ற கேள்வி வராமல் இருக்கச் சொல்லப்படும் கதை அது. கீழே கிடப்பவர்கள் ஒருவரையொருவர் இழுப்பதாகச் சொல்லிவிட்டால், மேலே இருப்பவர் எப்படி மேலே போனார் என்று விசாரிக்க வேண்டியதில்லையே.

எப்படிப் போனார்கள்? சங்கிலி தொடங்கிய அந்தச் சில நாட்களிலேயே, வெளியாட்கள் விவரம் புரிந்து கணினியை இயக்குவதற்குள், நிறுவனமே தன் இயந்திரங்களை வைத்து அப்போதிருந்த டோக்கன்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தோண்டிக்கொண்டது. கிரிப்டோ வட்டாரத்தில் இதற்கு ‘நிஞ்சா மைனிங்’ என்று செல்லப்பெயர். நம் பாஷையில் சொன்னால், புறம்போக்கு நிலத்துக்கு முந்திப் பட்டா போட்டுக்கொள்வது. அதன் பிறகு வந்த அத்தனை எழுத்தாளரும், மொழிபெயர்ப்பாளரும், படம் வரைபவரும் அந்தப் பட்டா நிலத்தில்தான் உழுதார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வி தீர்ந்துபோன பிறகு, விளைச்சலில் நியாயமான பங்கீடு பற்றி எவ்வளவு அழகான சூத்திரம் வேண்டுமானாலும் எழுதலாம்.

பங்கீடும் எந்தத் திசையில் நகர்ந்தது என்று பாருங்கள். எழுதியவருக்கு 75, வாக்களித்தவருக்கு 25 என்று இருந்தது. 2019 ஆகஸ்டில் அது ஆளுக்குப் பாதி என்று மாற்றப்பட்டது. வாக்களித்தவருக்கான பாதி மீண்டும் கையிருப்பின் எடைப்படியே பிரியும் என்பதால், இது வாசகருக்குப் போன பங்கு இல்லை. உடைமையாளருக்குப் போன பங்கு. குத்தகைப் போராட்டங்கள் உடைமையாளர் வாரத்தைப் படிப்படியாகக் குறைக்கப் பாடுபட்ட வரலாறு நமக்குத் தெரியும். எதிர்காலத் தொழில்நுட்பம் மூன்றே ஆண்டில் வாரத்தைக் கூட்டிக் காட்டியது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தச் சங்கிலியின் வெகுமதி விதிகளில் பதிவுக்கு இடமுண்டு, பின்னூட்டத்துக்கு இடமுண்டு, வாக்குக்கு உண்டு, கணினி ஓட்டுபவருக்கு உண்டு. அடுத்தவன் எழுத்தைத் திருடிப் போடுபவனைக் கண்டுபிடிப்பது, மோசடிச் சுட்டிகளை அகற்றுவது, புதிதாக வந்தவருக்குச் சாவியைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பத்தாவது முறையாகப் பொறுமையாகச் சொல்வது, வசவு வாங்கிக்கொண்டு சண்டையை விலக்கிவிடுவது: இவற்றுக்கென்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. 2019 வரை தப்பான பதிவை எதிர்த்து வாக்களித்தால் உங்கள் வாக்குத்திறன்தான் கரையும், ஒரு காசும் வராது. அந்தப் பதிவின் பின்னால் பெரிய கை இருந்தால் திருப்பி உங்கள் பதிவுகளை எல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடுவான். ஆகவே அந்த வேலை யாரோ சில தன்னார்வலர் தலையிலும், ஏதோவொரு பெரிய கை மனமிரங்கித் தரும் உதவியிலும் தொங்கியது.

குப்பை அள்ளாவிட்டால் இரண்டு நாளில் ஊர் நாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊர்ப் பெருமையைப் பேசும்போது கோபுரத்தைப் பேசுவார்கள், குளத்தைப் பேசுவார்கள், அள்ளியவரைப் பேசமாட்டார்கள். மென்பொருள் எழுதுவது ‘உருவாக்கம்’, குழுவைத் தூய்மையாக வைத்திருப்பது ‘சேவை’. உருவாக்கத்துக்குப் பங்கு, சேவைக்கு நன்றி. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவர்கள், எந்தத் திட்டத்தின் டிஸ்கார்டிலாவது போய் வலப்பக்கம் இருக்கும் பதவிப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் வேறு கொடுத்திருப்பார்கள்.

இங்கே ஒரு தோழர் கேட்பார்: சாதிக் கொடுமையையும் டோக்கன் விநியோகத்தையும் ஒன்றாக்குகிறாயா? ஒன்றாக்கவில்லை. டிஸ்கார்டில் பச்சை நிறப் பெயர் கிடைக்காதவரை யாரும் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று விரட்டுவதில்லை. பிறப்பால் ஒட்டி, திருமணத்தால் பூட்டி, வன்முறையால் காவல் காக்கும் அமைப்பு சாதி. அதற்கு நிகர் அது மட்டுமே. நான் சொல்வது இவ்வளவுதான்: இருப்பவர் வகுத்த அளவுகோலை இயற்கை விதிபோலக் காட்டி, அதில் குறைவாக வந்தவரைப் பார்த்து “உன் பங்களிப்பு இவ்வளவுதான்” என்று சொல்லும் வித்தை நமக்குப் பழக்கமான வித்தை. ‘தகுதி, திறமை’ என்ற பெயரில் அதோடு நூறாண்டாக மல்லுக்கட்டுகிறோம். வேறு சட்டை போட்டு வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

ஸ்டீமின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் மரக்கால் உடைந்து உள்ளே தெரிந்தது. 2020 பிப்ரவரியில் டிரான் சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்தோடு சேர்த்து அந்தப் பழைய பட்டாவும், அதாவது மொத்த டோக்கன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கைமாறியது. அந்தக் கையிருப்பைக் கொண்டு வாக்களிக்கமாட்டோம், சமூக வளர்ச்சிக்குத்தான் செலவிடுவோம் என்று பழைய உரிமையாளர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாய்வார்த்தை எந்தப் பத்திரத்தில் ஏறியது? சங்கிலியை இயக்கும் சாட்சிகள் பயந்துபோய் அந்தக் கையிருப்பை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று சந்தைகளில் பொதுமக்கள் போட்டுவைத்திருந்த டோக்கன்களே அவர்கள் அறியாமல் வாக்காக மாற்றப்பட்டன. உச்சத்தில் இருந்த 20 சாட்சிகளும் தூக்கியெறியப்பட்டுப் புது ஆட்கள் உட்காரவைக்கப்பட்டார்கள். பைனான்ஸ் பிறகு, வழக்கமான மென்பொருள் மேம்படுத்தல் என்று நினைத்துவிட்டோம் என்றது. உங்கள் பானையில் இருந்த நெல்லை எடுத்து உங்களுக்கு எதிராகவே அளந்த கதை.

எழுதியவர்களும் இயக்கியவர்களும் மார்ச் 20 அன்று தனியாகப் பிரிந்து ஹைவ் என்ற சங்கிலியைத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் கையிருப்பு அதில் நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை. அதுவரை சரி. ஆனால் எதிர்த்தரப்புக்கு வாக்களித்த சில சாதாரணக் கணக்குகளுக்கும் புதிய சங்கிலியில் பங்கு மறுக்கப்பட்டது. பழைய ஸ்டீம் சும்மா இருக்குமா? அதே ஆண்டு மே 20 அன்று, ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம், எதிர்ப்பாளர்களின் 64 கணக்குகளில் இருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் பறிமுதல் செய்யப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர். யாராலும் அழிக்க முடியாத பதிவு, யாராலும் பறிக்க முடியாத உடைமை என்று சொன்னார்கள் அல்லவா? பெரும்பான்மை எடை கையில் இருந்தால் இரண்டும் முடியும் என்று நிரூபித்தார்கள். நான்கு ஆண்டு எழுதிச் சேர்த்தவரின் பங்களிப்பு ஒரே நாளில் குற்றமாகிவிட்டது.

எழுத்தை விடுங்கள், விளையாட்டுக்கு வருவோம். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டி 2021இல் பிலிப்பைன்ஸில் பற்றி எரிந்தது. கொரோனா ஊரடங்கில் வேலையிழந்தவர்கள், டிரைசைக்கிள் ஓட்டியவர்கள், பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் கைபேசியில் குட்டி விலங்குகளை மோதவிட்டு எஸ்எல்பி என்ற டோக்கனைச் சம்பாதித்தார்கள். அப்போது விளையாட மூன்று ஆக்ஸி வேண்டியிருந்தது. உச்சகாலத்தில் அதற்குப் பல நூறு டாலர் ஆகும். கையில் பணமில்லாதவருக்கு? பணமுள்ளவர் வாங்கி வைத்து வாடகைக்கு விட்டார். விட்டவருக்குப் பெயர் ‘மேனேஜர்’. விளையாடியவருக்குப் பெயர், கேளுங்கள், ‘ஸ்காலர்’. கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்! யீல்டு கில்டு கேம்ஸ் போன்ற பெரிய சங்கத்தில் விளையாடியவருக்கு 70, ஆள்பிடித்துப் பழக்கிவிட்டவருக்கு 20, சங்கத்துக்கு 10 சதவீதம். தனியார் மேனேஜர்களில் பாதி வரை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மாடு, ஏர், விதை எல்லாம் ஆண்டையுடையது. உழைப்பு மட்டும் உன்னுடையது. இதை நமக்கு விளக்க வெள்ளை அறிக்கை தேவையில்லை.

2021 ஜூலையில் எஸ்எல்பி ஒன்றின் விலை 35 சென்டைத் தாண்டியது. 2022 நடுவில் ஒரு சென்டுக்கும் கீழே. உழைப்பு அதே உழைப்பு, நேரம் அதே நேரம். பணத்தின் மதிப்பு சரியும்போது அடி யார் மேல் விழுகிறது, வணிகர் எப்படித் தப்புகிறார், கூலிக்காரர் எப்படி மாட்டுகிறார் என்பது அம்பேத்கர் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் ரூபாய் பற்றிய ஆய்வுகளிலும் அரசுக் குழு முன் அளித்த சாட்சியத்திலும் கவலையோடு பேசிய விஷயம். அவர் பொருளாதார அறிஞர் என்பதைப் பிறந்தநாள் சுவரொட்டியில் மட்டும் போட்டால் போதாது. டோக்கனாகக் கூலி கொடுப்பது என்றால் விலைச் சரிவின் முழுச் சுமையையும் கூலிக்காரர் தலையில் ஏற்றுவது என்று பொருள். மேனேஜர் முன்கூட்டியே விற்றுவிட்டுப் போகலாம். அன்றன்றைக்கு அரிசி வாங்குபவருக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கே? இந்தக் கூத்துக்கு நடுவே 2022 மார்ச்சில் அந்த விளையாட்டின் ரோனின் பாலத்திலிருந்து ஏறத்தாழ 60 கோடி டாலர் கொள்ளை போனது. ஒன்பது சாவிகளில் ஐந்து போதும் என்ற ஏற்பாடு, அதில் நான்கு நிறுவனத்திடமே. பரவலாக்கமாம்.

என் அனுபவத்தையும் சொல்லலாம். பெயர் வேண்டாத ஒரு திட்டத்தில் பதினொரு மாதம் தமிழ் மொழிபெயர்ப்பும் டெலிகிராம் குழுப் பராமரிப்பும் பார்த்தேன். எங்களுக்குப் புள்ளிகள் வந்தன. மென்பொருளில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டால் 50 புள்ளி. திருத்தம் என்பது எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். ஆயிரம் சொல் மொழிபெயர்த்தால் 5. குழுவில் இரவெல்லாம் விழித்திருந்து, போலி வாடிக்கையாளர் சேவை ஆட்களை ஒவ்வொருவராக வெளியேற்றுவதற்குப் புள்ளி கிடையாது, மாதம் ஒரு இதயப் படம் உண்டு. ஒரு வயதானவர் தன் சாவிச் சொற்களை அப்படியொரு போலி ஆளுக்கு அனுப்பப்போன கடைசி நொடியில் தடுத்து நிறுத்திய தோழி ஒருவர் எங்களோடு இருந்தார். அந்த மாதம் அவர் கணக்கில் இருந்தது இரண்டு இதயம். கடைசியில் டோக்கன் பிரிக்கும் நாள் வந்தபோது, புள்ளியை அவரவர் வாலட் இருப்பால் பெருக்கினார்கள். விதி முன்பே ஆவணத்தில் இருந்தது என்று சுட்டி அனுப்பினார்கள். இருந்ததுதான். மொழிபெயர்க்கச் சொல்லி எங்களிடம் கொடுக்காத ஒரே ஆவணம் அது.

எல்லாத் திட்டமும் இப்படியா என்றால், இல்லை. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன் கொடுத்தது. அன்றைய விலையில் ஆயிரம் டாலருக்கு மேல். ஒரு கோடிக்கு வர்த்தகம் செய்தவருக்கும் நூறு ரூபாய்க்குச் செய்தவருக்கும், செய்யப் பார்த்துத் தோற்றவருக்கும்கூட, அதே அடிப்படை 400. என் மனதுக்குப் பிடித்த கணக்கு இது. ஆனால் அதே நாளில் மொத்த டோக்கனில் 40 சதவீதம் குழுவுக்கும் முதலீட்டாளருக்கும் ஆலோசகருக்கும் என்று எழுதிவைக்கப்பட்டது, நிர்வாக வாக்கு டோக்கன் எண்ணிக்கைப்படி. பந்தியில் எல்லோருக்கும் ஒரே இலை, சமையலறைச் சாவி மட்டும் அவர்களிடம்.

ஆப்டிமிசம் வேறு வழியை முயன்றது. பொதுநலனுக்குப் பயன்பட்ட வேலைகளுக்குப் பின்னோக்கிப் பார்த்துப் பரிசு. தேர்வு செய்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, டோக்கன் எடை கிடையாது. மூன்றாவது சுற்றில் 3 கோடி டோக்கனை ஏறத்தாழ 500 திட்டங்களுக்குப் பிரித்தார்கள். உண்மையிலேயே முன்னேற்றம். ஆனால் முதலில் வேலை செய், பயன் தெரிந்தபின் பரிசு என்ற சிந்தனை யாருடைய வயிற்றை மனதில் வைத்தது? ஓராண்டு கூலியில்லாமல் மென்பொருள் எழுத முடிந்தவர் யார்? அப்பா வீட்டில் சோறும், மேசையும், தடைபடாத மின்சாரமும் இருப்பவர். திருப்பூரில் ஷிப்ட் முடித்துவந்து எழுதுபவருக்குப் பின்னோக்கிய பரிசு என்பது முன்னோக்கிய பட்டினி. தேர்வு செய்பவர்களும் தாங்கள் அறிந்த வட்டத்தையே அறிவார்கள். 2021இல் வந்த கோஆர்டினேப் என்ற கருவி இதை இன்னும் பச்சையாகக் காட்டும்: உறுப்பினர்கள் ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வைத்துக்கொண்டு சக உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்தில் ஆங்கிலத்தில் கலகலப்பாகப் பேசுபவருக்கு விழும் புள்ளி, கேமராவை அணைத்துவிட்டு வேலையை முடிப்பவருக்கு விழுமா? யாரைக் கண்ணுக்குத் தெரியும், யாரைத் தெரியாது என்பதைச் சமூகம் ஏற்கெனவே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் எல்லோரும் உள்ளே வருகிறோம்.

2022இல் இன்னொரு யோசனை வந்தது. கிளென் வெய்ல், பூஜா ஓல்ஹேவர், எத்தீரியத்தின் விட்டாலிக் பியூட்டரின் மூவரும் எழுதிய கட்டுரை: விற்கவும் கைமாற்றவும் முடியாத, ஆளோடு ஒட்டிக்கொள்ளும் டோக்கன்கள். படிப்பு, வேலை, பங்களிப்பு எல்லாம் ஆன்மாவோடு கட்டப்பட்டதாக வாலட்டில் கிடக்கும். ஒரு கணினி விளையாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. பணக்காரன் நற்பெயரை விலைக்கு வாங்க முடியாமல் செய்வது நோக்கம். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆளோடு ஒட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல், போகுமிடமெல்லாம் முன்னே போய் நின்று அறிமுகம் செய்யும் ஓர் அடையாளம் என்ன செய்யும் என்று உலகத்திலேயே நன்றாக அறிந்தவர்கள் நாம். எங்களைக் கேட்டிருக்கலாமே! விரும்பாத குழுக்களை இனங்கண்டு ஒதுக்க இது பயன்படலாம் என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது.

‘ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் ஒருவனே ஆயிரம் வாலட் திறந்து ஆயிரம் வாக்குப் போடுவான், அதனால்தான் பணத்தை எடையாக வைத்தோம்’ என்பது கடைசிப் பதில். சிக்கல் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் தேர்தலில் கள்ள ஓட்டு விழுகிறது என்பதற்காக நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும் வாக்கு என்று யாரும் இன்று சொல்லத் துணிவதில்லை. ஒரு காலத்தில் இந்த நாட்டில் அப்படித்தான் இருந்தது. பெரும்பாலும் சொத்தோ வரியோ காட்ட முடிந்தவருக்குத்தான் வாக்கு. அதை உடைத்துத்தான் வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்று அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் எல்லோருக்கும் சமமான ஒரு வாக்கு, பொருளாதார வாழ்வில் அந்தச் சமத்துவம் இல்லை என்ற முரண்பாட்டை அம்பேத்கர் எச்சரித்தார். கிரிப்டோக்காரர்கள் அந்த முரண்பாட்டை ஒரே வெட்டில் தீர்த்துவிட்டார்கள்: அரசியலிலும் சமத்துவம் வேண்டாம் என்று.

நான் இந்தக் களத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை. பொதுக் கணக்கேடு என்பது நல்ல ஆயுதம்; கூலிக் கணக்கு நம் கண் முன்னால் இருப்பதை நான் என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள் என்கிறேன். முதல் நாள் டோக்கன் யார் யாரிடம் இருந்தது? எது பங்களிப்பு என்ற பட்டியலை எழுதியவர்கள் யார், அதில் குழுவைப் பராமரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் உட்கார்ந்திருந்தார்களா? அந்தப் பட்டியலைத் திருத்த எத்தனை வாக்கு வேண்டும், அதில் வாலட்டின் எடை சேருமா சேராதா? பங்களிப்பவர்களிலிருந்தே குலுக்கல் முறையில் ஆறு மாதத்துக்கு ஒரு நடுவர் குழுவை அமர்த்தினால் என்ன கெட்டுப்போகும்? அன்றாட வேலைக்குப் பரிசு வேண்டாம், கூலி வேண்டும். மாதம் எவ்வளவு, விலை சரியாத எந்தப் பணத்தில், எந்தத் தேதியில்?

இந்தக் கேள்விகளைப் பொதுக் குழுவில், தமிழிலேயே, போடுங்கள். மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். அதற்கு எத்தனை புள்ளி தருவார்கள் என்று பார்ப்போம்.